மாதம் 600 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு டீசல் கார் கட்டுப்படியாகுமா?

கேள்வி: கும்பகோணத்தில் குடியிருக்கிறேன். பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, வங்கி வேலை, கடைத்தெரு என்று மாதம் 600 கிலோமீட்டர் அளவுக்குத்தான் கார் ஓடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெளியூர்ப் பயணம் உண்டு. நான்கு மீட்டருக்கு உட்பட்ட எஸ்யூவி ஒன்றை டீசலில் புதிதாக வாங்கலாமா, அல்லது விலைக்கு வந்திருக்கும் 2017 மாடல் டீசல் செடானை எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அது 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. “கார் என்றால் டீசல்தான் லாபம்” என்கிறார் என் மாமா. உண்மையில் டீசல் காருக்கு என்னென்ன செலவு வரும்?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு இரண்டுமே வேண்டாம். பெட்ரோல் கார் வாங்குங்கள். திருச்சியில் கார் பழுதுபார்க்கும் பணிமனை நடத்துகிறவன் என்ற முறையில், என்னிடம் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்துத்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். டீசல் இன்ஜின் மோசமானது என்பது என் கருத்து அல்ல. நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு அதைவிட நல்ல இன்ஜின் கிடையாது. ஊருக்குள் நான்கு கிலோமீட்டர் ஓடி நிற்கிற வீட்டில்தான் அது நோயாளியாகிறது.

முதலில் உங்கள் மாமா சொல்வதை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வது ஒரு காலத்தில் முழுக்கச் சரி. 2010 ஜூன் மாதம் மத்திய அரசு பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. டீசலை மட்டும் கையில் வைத்துக்கொண்டது. விவசாயம், லாரி, பஸ் எல்லாம் டீசலில் ஓடுவதால் அதன் விலையை ஏற்ற எந்த அரசுக்கும் தயக்கம். விளைவாக, 2012இல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையே லிட்டருக்கு 30 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தது. நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசலானது அந்தக் காலத்தில்தான். சின்ன டீசல் காருக்குப் பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2013 ஜனவரியில் மாதம் 50 பைசா வீதம் டீசல் விலையை ஏற்றத் தொடங்கினார்கள். 2014 அக்டோபரில் அதன் கட்டுப்பாடும் போனது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 பைசா, டீசல் 92 ரூபாய் 34 பைசா. வித்தியாசம் எட்டு ரூபாய்ச் சொச்சம். மாமாவின் கணக்கு நின்றுகொண்டிருந்த தூணே இல்லாமல் போய்விட்டது.

மிச்சம் இருப்பது மைலேஜ் மட்டும். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட ஆற்றல் கொஞ்சம் அதிகம். அதை எரிக்கும் விதத்திலும் டீசல் இன்ஜின் சிக்கனமானது. அதில் சந்தேகம் இல்லை. ஒரே மாடலில் பெட்ரோல் 13, டீசல் 18 கிலோமீட்டர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இவை கம்பெனி விளம்பர எண்கள் அல்ல, சாலையில் கிடைப்பவை. பெட்ரோலை 101 ரூபாய், டீசலை 92 ரூபாய் 50 பைசா என்று போட்டால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 7 ரூபாய் 77 பைசா, டீசல் செலவு 5 ரூபாய் 14 பைசா. மிச்சம் சுமார் 2 ரூபாய் 60 பைசா. டீசல் காரின் சர்வீஸ் கூடுதலாகக் கடிக்கிற பணத்துக்குக் கிலோமீட்டருக்கு 50 பைசா தள்ளுங்கள். கையில் நிற்பது 2 ரூபாய் 10 பைசா.

இப்போது வாங்கும் விலை. ஒரே மாடலில் டீசல் வண்டி ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கூடுதல். 1,30,000 என்று வைப்போம். அதைக் கடனில் வாங்கினால் 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு வட்டி மட்டும் சுமார் 32,000 ரூபாய் சேரும். ஆக 1,62,000 ரூபாயை, கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 பைசாவாகத் திருப்பி எடுக்க வேண்டும். 77,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,800 கிலோமீட்டர் ஓடுகிற ஒரு மருந்து விற்பனைப் பிரதிநிதிக்கு அது மூன்றரை ஆண்டு. மாதம் 600 ஓடுகிற உங்களுக்கு ஏறத்தாழ பத்தே முக்கால் ஆண்டு. விற்கும்போது டீசல் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய பழுதைக்கூட நான் இன்னும் சேர்க்கவில்லை.

கூடுதல் விலை எதற்கு என்று தெரிந்துகொண்டால் பழுதுச் செலவு எங்கிருந்து வரும் என்பதும் புரியும். வரி அதற்குக் காரணம் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார்களில் 1200 சிசி வரை பெட்ரோலுக்கும் 1500 சிசி வரை டீசலுக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டிதான். விலை கூடுவது இயந்திரத்தால். டீசல் காரில், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ உண்டு. எரிபொருளை 1,600, 2,000 பார் அழுத்தத்தில் தள்ளுகிற பம்ப் உண்டு. அதைத் துல்லியமாகத் தெளிக்கிற இன்ஜெக்டர்கள் உண்டு. புகையைச் சுத்தம் செய்ய ஒரு தனி ஏற்பாடே உண்டு. வாங்கும்போது ஒருமுறை விலை கொடுக்கிற இந்தப் பொருள்களுக்கே கெடும்போது இன்னொருமுறை விலை கொடுக்கிறோம்.

இதில் உங்களைப் போன்றவரை நேராகத் தாக்குவது புகைச் சுத்திகரிப்பு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் கார் கக்கலாம் என்று அனுமதித்த புகைத்துகள் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும், நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும் குறைந்தது. ஊருக்கு இது மிக நல்லது. 2012ஆம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் நிற்கிற வண்டிகளின் பின்னால் குழந்தைகள் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். விதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதை நிறைவேற்ற டீசல் காரில் ஏகப்பட்ட கருவிகள் ஏற வேண்டியிருந்தது. சின்னக் காரில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி 2020இல் டீசலை விட்டது. ரெனோ, நிசான், போக்ஸ்வேகன், ஸ்கோடா ஆகியவையும் அதே ஆண்டில் விட்டன. ஹோண்டா 2023இல் விட்டது.

அந்தக் கருவிகளில் முக்கியமானது டிபிஎஃப். புகைத்துகளைப் பிடித்து வைக்கிற வடிகட்டி. சைலன்சர் குழாயின் தொடக்கத்தில், இன்ஜினை ஒட்டினாற்போல் ஒரு தகர உருளை இருக்கும். உள்ளே தேன்கூடு போலப் பொடிப்பொடிக் கண்கள் கொண்ட பீங்கான். புகை அதன் சுவர் வழியாகக் கசிந்து போக வேண்டும். கரி உள்ளேயே தங்கிவிடும். கரி சேர்ந்துகொண்டே போனால் அடைத்துக்கொள்ளும் அல்லவா? அதனால் அவ்வப்போது அதை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். எரிய 550, 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும் வண்டியில் ஓட்டத்தின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருக்கும். ஊருக்குள் ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறவே ஏறாது. அப்போது வண்டியின் கணினி தானாகவே கூடுதல் டீசலைத் தெளித்து, அந்த டீசல் எரியும் சூட்டில் கரியை எரிக்கப் பார்க்கும். பத்து முதல் இருபது நிமிடம் பிடிக்கும் வேலை. நின்றபடி ஓடும்போது இன்ஜின் வேகம் சற்று உயர்ந்திருப்பதும், வண்டியை நிறுத்திய பிறகும் விசிறி உரக்கச் சுற்றுவதும், மைலேஜ் காட்டும் எண் திடீரென்று இறங்குவதும் இது நடக்கிறது என்பதற்கான அடையாளங்கள்.

நீங்கள் ஆறாவது நிமிடத்தில் பள்ளி வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவீர்கள். வேலை பாதியில் நின்றுவிடும். திரும்பி வரும்போது அது மறுபடி தொடங்கும், வீட்டு வாசலில் மறுபடி நிற்கும். இப்படி அரைகுறையாகத் தெளிக்கப்பட்ட டீசலில் ஒரு பகுதி எரியாமல் பிஸ்டன் ஓரமாக வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

எங்கள் பணிமனைக்கு ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரின் வண்டி வந்தது. கோயில், காய்கறிச் சந்தை, பேரனைப் பள்ளியில் விடுவது. இவைதான் அதன் ஓட்டம். மஞ்சள் விளக்கு எரிகிறது, பிக்கப் இல்லை என்று கொண்டுவந்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரம் ஏறியிருந்தது. துணியில் துடைத்து முகர்ந்தால் டீசல் வாடை. விரலிடையில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீராக ஓடியது. அந்த ஆயில்தான் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவின் தண்டைக் காக்க வேண்டும். ஆயிலை மாற்றி, ஸ்கேனரை மாட்டி, வண்டியை நிறுத்தி வைத்தபடியே கரியை எரிக்கச் செய்து அனுப்பினோம். சில மாதங்களில் திரும்பி வந்தது. அதன் பிறகும் வந்தது. கடைசியில் வடிகட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று; ஒரு லட்சத்துக்கு மேல் ஆனது. அவர் வண்டியைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தவர். அவருடைய ஓட்டத்துக்கு அந்த வண்டி பொருந்தவில்லை என்று வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை விற்கும் இடத்தில் யாரும் எடுப்பதில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. பணிக்கொடைப் பணம் அது.

“வாரம் ஒருமுறை தஞ்சாவூர் வரை ஓட்டிவிட்டு வந்தால் போதுமே” என்று சிலர் சொல்வார்கள். அது வேலை செய்யும். மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாமல், இன்ஜின் 2,000 சுற்றுக்கு மேல் இருக்கும்படி இருபது நிமிடம் ஓட்டினால் கரி எரிந்துவிடும். ஆனால் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர 80 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர் டீசல், 410 ரூபாய். மாதத்துக்கு நான்கு முறை என்றால் 1,640. நீங்கள் மாதம் 600 கிலோமீட்டர் ஓடிச் சேமிப்பது 1,260 ரூபாய்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனாலும் சேமிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே கரைந்துவிடும். மருந்துச் செலவு சம்பாத்தியத்தைத் தின்றுவிடுகிறது.

வடிகட்டியில் கரி எரிந்தாலும் சாம்பல் எரியாது. அது இன்ஜின் ஆயிலில் இருந்து வருவது. ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஒருநாள் இடத்தை அடைக்கும். அதனால் பிஎஸ்6 டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு ஆயில் ஊற்றினால் வடிகட்டியின் ஆயுளை நாமே குறைக்கிறோம். 1.5 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு ஆயில் சுமார் 5 லிட்டர் பிடிக்கும். சின்னப் பெட்ரோல் இன்ஜினுக்கு மூன்றரை லிட்டர். டீசல் பில்டர் 20,000, 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைத் தள்ளிப்போடவே கூடாது. டீசலில் கலந்து வரும் தண்ணீரைத் தடுப்பது அந்த பில்டர்தான். தண்ணீர் அதைத் தாண்டினால் பம்ப் துருப்பிடிக்கும். பேட்டரி பெரியது. டீசல் இன்ஜினின் அழுத்தம் அதிகம் என்பதால் செல்ப் எடுக்கவே கூடுதல் பலம் வேண்டும், அதனால் விலையும் கூடுதல். மூன்றாம் நபர் காப்பீட்டில் 1000 சிசிக்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. சில பெட்ரோல் எஸ்யூவிகள் 998 சிசி டர்போ என்பதால் முதல் வரிசையில் தப்பிவிடும்; டீசல் இரண்டாவது வரிசையில் நிற்கும். எக்ஸ்யூவி700 போன்ற வண்டிகளில் ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அது பெரிய செலவு இல்லை, ஆனால் தொட்டி தீர்ந்துவிட்டால் அணைத்த இன்ஜின் மறுபடி எடுக்காது. நீங்கள் பார்க்கும் மாடலில் அது உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இவை எல்லாம் சில்லறை. பயப்பட வேண்டியது பம்பும், நாசில் என்று சொல்லும் இன்ஜெக்டரும். பழைய டீசல் வண்டிகளில் நாசில் கெட்டால் தெருக்கோடி மெக்கானிக் கழற்றிச் சரிசெய்து மாட்டிவிடுவார். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இப்போதைய காமன் ரெயில் வண்டியில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் முடியளவு நுண்ணிய துளைகளும் மின்வால்வும் கொண்டது. புதிதாக வாங்கினால் ஒன்று 15,000 முதல் 30,000 ரூபாய் வரை, வண்டிக்கு வண்டி மாறும். நான்கு சிலிண்டருக்கு நான்கு. ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான். பழுதுபார்த்து அளவு சரிசெய்து தரும் பம்ப் சர்வீஸ் கடைகள் எல்லாப் பெரிய ஊர்களிலும் இருக்கின்றன. நல்ல கடையாக இருந்தால் பாதிச் செலவில் முடியும்.

கிளட்ச் அடுத்தது. டீசல் இன்ஜினின் இழுவைதான் அதன் பெருமை. அந்த இழுவையைத் தாங்குவதும் அதிர்வை விழுங்குவதும் பல வண்டிகளில் இரட்டைத் தட்டு பிளைவீல் என்ற கனமான சக்கரம். கடைத்தெரு நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்தால் இரண்டும் சேர்ந்து போகும். சேர்த்து மாற்ற 30,000 முதல் 60,000 வரை ஆகும். சாதாரணப் பெட்ரோல் காரில் கிளட்ச் செட் மட்டும் மாற்றினால் போதும், அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. டர்போவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நேரத்துக்கு ஆயில் மாற்றி, நெடுஞ்சாலையில் விரட்டி வந்த வண்டியை அரை நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் அது நெடுங்காலம் உழைக்கும்.

பெட்ரோல் பங்கில் நடக்கிற ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும். டீசல் காரில் பெட்ரோலை ஊற்றிவிடுவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது. பெட்ரோல் குழாயின் முனை டீசல் தொட்டியின் வாயில் எளிதாக நுழைந்துவிடும். டீசலுக்கு வழுவழுப்பு உண்டு, பம்புக்கு அதுதான் எண்ணெய். பெட்ரோல் அந்த வழுவழுப்பை அடித்துக்கொண்டு போய்விடும். உலோகம் உலோகத்தோடு உரசி, பம்பிலிருந்து பொடி கிளம்பி, இன்ஜெக்டர் வரை போய் அடைக்கும். தெரிந்த நிமிடத்திலேயே, சாவியைத் திருப்பாமல், வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தித் தொட்டியைக் காலி செய்தால் சில ஆயிரத்தோடு போகும். “கொஞ்சம்தானே, மீதிக்கு டீசல் நிரப்பி ஓட்டுங்கள்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செலவு லட்சத்தைத் தொடும். காரைவிட்டு இறங்கி நின்று, “டீசல்” என்று வாய்விட்டுச் சொல்லி, எந்தக் குழாயை எடுக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துப் போடுங்கள். வீட்டில் யார் ஓட்டினாலும் இதைச் சொல்லிவையுங்கள்.

இனி அந்த 2017 செடான். அது பிஎஸ்6க்கு முந்தைய பிஎஸ்4 விதிப்படி வந்த வண்டி. அந்தக் காலத்துச் சின்ன டீசல் கார்களில் பெரும்பாலானவற்றில் டிபிஎஃப் கிடையாது. அந்தத் தலைவலி உங்களுக்கு இருக்காது. ஆனால் புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு இருக்கும். ஊர் ஓட்டத்தில் அதில் தார் போலக் கரி ஒட்டும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும், அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். பெரிய விஷயம் 92,000 என்ற அந்த எண். கிளட்ச், இன்ஜெக்டர், டர்போ குழாய்கள், இன்ஜின் தாங்கிகள் எல்லாம் செலவு கேட்கத் தொடங்குகிற வயது அது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினாக இருந்தால், டஸ்டரில் வந்த ரெனோவின் 1.5 டீசல் போல, பெல்ட்டை மாற்றினார்களா என்பது முதல் கேள்வி. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இன்ஜின் மேல்பாகமே போய்விடும். மாருதி, டாடா, பியட் என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடிய பியட்டின் 1.3 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின். அதற்கு உதிரி பாகமும் கைதேர்ந்த மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். இந்தியாவை விட்டுப் போய்விட்ட கம்பெனிகளின் வண்டி என்றால் யோசியுங்கள். போர்டு மறைமலைநகர் ஆலையை 2022இல் மூடியது. உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது, ஆனால் சில பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும்.

92,000 என்பது உண்மையான ஓட்டமா என்பதையும் பாருங்கள். அதிகம் ஓடுகிறவர்கள்தான் டீசல் வாங்கினார்கள். ஏழு எட்டு ஆண்டில் இரண்டு லட்சம் ஓடிய வண்டிகளின் மீட்டரைக் குறைத்து விற்பது புதிதல்ல. கம்பெனி சர்வீஸ் பதிவைப் பதிவெண் சொல்லிக் கேளுங்கள். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பிறகும் உத்தரவுகள் மாறி மாறி வந்திருக்கின்றன. அந்தத் தடை தமிழ்நாட்டுக்கு இல்லை. ஆனால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் இங்கே வருகின்றன. வேறு மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். இங்கே 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், 2022 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. 2023இல் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் அமைத்த குழு ஒன்று, பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் 2027க்குள் டீசல் நான்கு சக்கர வண்டிகளை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரை மட்டுமே, சட்டம் ஆகவில்லை. கும்பகோணம் அந்தக் கணக்கில் வராது. ஆனாலும் பத்து ஆண்டு வைத்து ஓட்டப்போகும் வண்டிக்கு இந்தக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பயந்து டீசலுக்குப் போகிறவர்களையும் இப்போது பார்க்கிறேன். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவீதம் ஆற்றல் குறையும்; மைலேஜிலும் ஓரளவு தெரியும். மேலே நான் போட்ட 13 என்ற எண்ணை 12 ஆக்கிப் பார்த்தாலும், மாதம் 600 கிலோமீட்டருக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது 400 ரூபாய்க்குள். கடன் வட்டியோடு பார்த்தால் டீசல் அப்போதும் எட்டு ஆண்டுக்குப் பிறகுதான் லாபம் காட்டும். 20 சதவீதக் கலப்புக்கு ஏற்றது என்று கம்பெனி எழுத்தில் சொல்கிற புது வண்டியாகப் பார்த்து வாங்கினால் போதும்.

மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் ஓடுகிறவர், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் மேடு ஏறுகிறவர், இவர்கள் தயங்காமல் டீசல் வாங்கலாம். முழுப் பாரத்தோடு மலை ஏறும்போது இரண்டாவது கியரிலேயே அலட்டாமல் இழுக்கிற அந்தச் சுகம் சாதாரணப் பெட்ரோல் காரில் கிடைக்காது. உங்கள் வேலை மாறி தினம் தஞ்சாவூர் போய்வர வேண்டிய நிலை வந்தால் என்னிடம் மறுபடி கேளுங்கள், பதில் மாறும்.

இவ்வளவு சொல்லியும், விலை குறைவு என்பதால் அந்த செடானைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், காலையில் போங்கள். “நான் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்” என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த இன்ஜின் ஒன்றிரண்டு சுற்றில் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரையோ, இன்ஜின் மேல்பாகத்தின் இடைவெளியை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகப்படுங்கள். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது கரும்புகை கொட்டினால் டர்போ குழாய், இஜிஆர், நாசில் மூன்றில் ஒன்று. ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபு என்று தள்ளக்கூடாது. ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக மிதியுங்கள். சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. நின்றபடி ஓடும்போது கேட்கும் கடகட சத்தம் கிளட்சை மிதித்தால் மாறுகிறது என்றால் பிளைவீலைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு ஒரு டீசல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டர்களிலிருந்து டீசல் திரும்பி வரும் குழாய்களைக் கழற்றி நான்கு சின்னக் குப்பிகளில் விட்டு, சில நிமிடம் இன்ஜினை ஓட விடுவார். நான்கிலும் ஏறத்தாழ ஒரே அளவு இருந்தால் நல்லது. ஒரு குப்பி மட்டும் இரண்டு மடங்கு நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. அதன் விலையைக் குறைத்துக்கொண்டு பேசுங்கள். இரண்டு மூன்று குப்பிகள் அப்படி நிறைந்தாலோ, இந்தச் சோதனைக்கே விற்பவர் இணங்காவிட்டாலோ முன்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.